வலக்கைச் சிக்னல்

ஐந்தே முக்காலுக்கு சோக்கை இழுத்து
ஒன்று, இரண்டு எண்ணுவேன்.
மூன்றில் பிடிக்கும். பிடிக்காவிட்டால்
இறங்கி, போனட்டைத் திறந்து
பெற்றோல் பம்பில் ஸ்பானரால் ஒரு தட்டு.
கல்லடியில் எங்கள் ஒழுங்கை நாய்கள்
அதற்குப் பிறகுதான் எழும்பும்.

மொரிஸ் மைனர். ஐம்பத்தைந்தாம் ஆண்டு.
ஸ்ரீ வர முந்தின நம்பர், இங்கிலீசு எழுத்து இரண்டு.
பெற்றோலுக்குப் பங்கீடு வந்த வருசம்
அந்த நம்பரைக் கம்பியூட்டர் நம்பவில்லை.
ஷெட்டில் நின்ற பெடியன் போனை மூன்று தரம் பார்த்துவிட்டு
"அக்கா, இது வாகனமா?" என்றான்.
நக்கல் இல்லை, உண்மையாகவே கேட்டான்.
பின்னால் நூற்றெண்பது பேர்.
"பின்ன?" என்றேன்.

கலியாணத்துக்குக் குடுப்பியளா என்பார்கள்,
ரோசாப்பூவும் ரிப்பனும் கட்ட.
பாலத்தடியில் மறித்து
போனட்டில் சாய்ந்து படம் எடுத்தவர்கள் உண்டு,
எனக்கு டியூட்டிக்கு நேரம் போகப் போக.
கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார்.
வெள்ளைக் கையுறை போட்டுக் கதவைத் தொட்டார்.
ஏசி அறையில் வைப்பாராம்,
ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பாராம்.
சொன்ன தொகைக்கு வீட்டுக்கு மேல்மாடி கட்டலாம்.
"அப்ப திங்கட்கிழமை நான் எதில போறது?"
அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

இவருக்கும் விளங்காது. இவர் ஹைபிரிட்காரர்.
போன மாரியில் அதன் பற்றறி செத்து
கம்பனி ஆள் வரப் பதினாறு நாள்.
பதினாறு நாளும் என் பின்சீற்றில் பதுங்கி வந்து
காத்தான்குடியில் இறங்கினார்,
வங்கிக்கு ஒரு சந்தி முன்னாலேயே.

அதற்காக இது குதிரை என்று சொல்ல வரவில்லை.
மழை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம்.
ஆரையம்பதியில் நின்றுவிடும்.
முழங்கால் தண்ணீரில் நின்று மூடியைக் கழற்றி
யூனிபோம் ஓரத்தால் துடைப்பேன்.
அந்தக் கரியோடு ஊசி போடப் போனால்
முன்கட்டில் பொம்பிளை கேட்கிறாள்:
"என்னகா மிஸி, அடுப்புக்குள்ள இருந்தா வாறீங்க?"

உப்புக் காற்று தின்றதில்
காலடியில் உள்ளங்கை அளவு ஓட்டை.
தாழங்குடா மணல், கிரான்குளம் தார்,
இரண்டையும் நான் அதற்குள்ளால்தான் பார்த்திருக்கிறேன்.
சில்லறை விழுந்தால் விழுந்ததுதான்.

சிக்னல் கதைக்கு வருகிறேன்.
இந்தக் காருக்கு மின்னும் விளக்கு இல்லை.
கதவுத் தூணுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை
செம்மஞ்சளாய் நீண்டு வழி சொல்லும்.
இடக்கை நல்லம்.
வலக்கைக்கு நான் வாங்கும்போதே சீவன் இல்லை.
ஆகவே செட்டிபாளையச் சந்தியில்
பிறேமினியை ஏற்ற வலப்பக்கம் திரும்ப
என் கையையே வெளியே நீட்டுவேன்.
டயர் ஒட்டும் கடைக்காரர்
பதிலுக்குக் கை காட்டுவார்.

முதல் நாள் விளக்கத்தான் நினைத்தேன்,
அதற்குள் திரும்பிவிட்டேன்.
ஏழு வருசம். பெயர் தெரியாது.
ஒருநாள் கடை பூட்டியிருந்தது,
அன்று வார்டில் மூன்று தரம் யோசித்தேன்.

போன வெள்ளி, நசுறுதீன் காக்கா
எங்கோ ஓர் ஓடாத ஒஸ்ரினில் கழற்றிய சுருளைப் பூட்டி
வலக்கையை எழுப்பிவிட்டார்.
"இனி மழையில கை நனையாது" என்றார்.
காசும் குறைவு.

சனி, சின்னக் கை டக்கென்று நீண்டது.
என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.
டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.
பாதி தூக்கிய கை
அப்படியே நின்றது, பிறகு
தலையைச் சொறிந்தது.
ஞாயிறு எனக்கு ஓஃப்.
திங்கள் அவர் நிமிரவே இல்லை.

செவ்வாய் விடிய, சோக்கை இழுக்க முன்
அந்த வயரைக் கழற்றி டேப் சுற்றினேன்.
நசுறுதீன் காக்கா கேட்டால்
பழைய கார்தானே, என்பேன்.